பதினைந்து நாளுக்குள் பதில்

அந்த அட்டைப்பெட்டி ஆலையில் அவளுக்கு 'போன் அக்கா' என்று பேர். பதினோரு வருஷமாக ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தாள். யாரை எடுப்பது என்று முடிவு செய்கிறவர் மேனேஜர். முடிவான பிறகு அந்த ஆளுக்குப் போன் போட்டு, என்றைக்கு வரணும், என்னென்ன காகிதம் கொண்டுவரணும் என்று சொல்வது இவள் வேலை. நல்ல சேதி சொல்கிற வாய் என்பதால் அவளை எல்லோருக்கும் பிடிக்கும். லாரியில் பெட்டி ஏற்றும் ஆள் ஒருவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவள் மேசையைத் தேடிக்கொண்டு வந்து, குரலை வைத்து வயசான அம்மாவாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு முப்பத்தெட்டு வயசுதான். வீட்டுக்குப் போய் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

வேலை கிடைக்காதவர்களுக்கு அங்கே யாரும் போன் போடுவதில்லை. கூடாது என்று தடை எதுவும் கிடையாது. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். நேர்முகத்துக்கு வந்தவர்கள் வெளி வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், உள்ளே போய்வருவார்கள், "சொல்லி அனுப்புறோம்" என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். அதோடு அவர்கள் கதை ஆலைக்குள் முடிந்துவிடும். அவர்கள் வீட்டில் முடியாது என்பது அவளுக்குத் தெரியாமலும் இல்லை. அவள் நாத்தனாரே வீட்டில் அப்படித்தான் காத்திருந்தாள். கணக்குப் படித்த பெண், இருபத்தாறு வயசு, எட்டு இடத்துக்குப் போய்விட்டு வந்திருந்தாள். குளிக்கப் போனாலும் போனை எடுத்துக்கொண்டு போய் வாளி மூடியின் மேல் வைத்துக்கொள்வாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அண்ணி, பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்றதுக்கு உங்க ஆளுங்களுக்கு என்ன, வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அந்த வருஷம் ஆலையில் இரண்டாவது கட்டடம் எழும்பப் போவதாகப் பேச்சு. காகிதத்தை நெளிநெளியாக மடித்து அட்டையாக்குகிற உருளைகளுக்கு எந்நேரமும் நீராவி வேண்டும். புதுக் கட்டடத்துக்கு என்று தனியாக ஒரு பாய்லர் வாங்க முடிவாகி, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். வந்தவர்களில் ஒருவருக்கு நாற்பத்தாறு வயசு. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் பத்தொன்பது வருஷமாக பாய்லர் ஓட்டிக்கொண்டிருந்தவர். முதல் வகுப்புச் சான்றிதழ் வைத்திருந்தார். அதை ஒரு துணிப்பைக்குள், பைக்குள் இன்னொரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

நேர்முகத்தின்போது குறிப்பெடுக்க அவளும் அறையில் இருந்தாள். மேனேஜருக்கு பாய்லர் என்றால் சூடாக இருக்கும் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. யாரோ எழுதிக் கொடுத்த கேள்விகளைத் தாளைப் பார்த்துப் படித்தார். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் தெரியவில்லை, முதலில் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. பாய்லர்காரர், "நெருப்பை அணைப்பேன் சார். தண்ணி விட மாட்டேன். காய்ஞ்ச இரும்பு மேல தண்ணி விட்டா நாம இருக்க மாட்டோம்" என்றார். மேனேஜர் தாளில் பதிலைச் சரிபார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

கடைசியில் மேனேஜர் எழுந்து கைகொடுத்தார். எடுத்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வாரம் பத்து நாளில் வேலைக்கான ஆர்டர் வந்துவிடும் என்று சொன்னார். பாய்லர்காரர் உடனே போகவில்லை. இப்போது இருக்கும் இடத்தில் வேலையை விடுவதாக ஒரு மாசம் முன்னால் எழுதிக் கொடுக்கணும், கொடுத்துவிடலாமா, இல்லை ஆர்டர் கைக்கு வந்தபிறகு கொடுப்பதா என்று கேட்டார். மேனேஜர் அதற்குள் அடுத்த ஆளின் தாளை எடுத்துவிட்டார். "அதெல்லாம் அக்கா சொல்லுவாங்க" என்று இவள் பக்கம் கையைக் காட்டினார்.

மறுநாள் காலையில் பாய்லர்காரர் போன் செய்து அதே கேள்வியைக் கேட்டார். அவள் போனைப் பொத்திக்கொண்டு எதிரே இருந்த மேனேஜரிடம் கேட்டாள். அவர் வேறொரு போனில் இருந்தார். சரி என்பது போலவும், அப்புறம் என்பது போலவும் கையை ஆட்டினார். அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள். ஆர்டர் வந்த பிறகு ஒரு மாசம் ஆகும் என்று சொன்னதாலேயே நல்ல நல்ல ஆட்களை மேனேஜர் கழித்துவிட்டதை அவள் பார்த்திருக்கிறாள். இந்த ஆளுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் நினைத்தாள்.

"எழுதிக் கொடுத்துடுங்க சார்" என்றாள். "ஒண்ணும் பிரச்சினை வராது."

"நீங்க சொல்றீங்க, கொடுத்துடறேன் மேடம்" என்றார் அவர்.

அந்த வாரம் ஆர்டர் வரவில்லை. அந்த மாசமும் வரவில்லை. பாய்லர் விற்கிறவர்களோடு விலை படியவில்லை என்றார்கள். பிறகு, கட்டடத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை என்றார்கள். இதற்குள் பாய்லர்காரரின் ஒரு மாசம் முடிந்து, பத்தொன்பது வருஷ வேலையை விட்டு வெளியே வந்துவிட்டார். அவர் திங்கட்கிழமை தோறும் காலை பத்து மணிக்குப் போன் செய்வார். அவளும் மேனேஜர் சொல்லிக் கொடுத்தபடி, நடந்துகொண்டிருக்கிறது என்பாள். அவர் கோபப்பட்டதே இல்லை. தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்றுதான் ஆரம்பிப்பார். முதலில் பாய்லரைப் பற்றி விசாரிப்பார், எத்தனை டன், விறகா எண்ணெயா என்று கேட்பார். போகப்போக அந்தக் கேள்விகள் நின்றுவிட்டன. "நான்தான் மேடம்" என்பார். "இன்னும் இல்லை சார்" என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

மூன்றாவது மாசம் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டாவது கட்டடம் கிடையாது, பாய்லரும் கிடையாது. அவள்தான் அதைக் கோப்பில் வைத்தாள். வைத்துவிட்டு மேனேஜரிடம் போய், அந்தக் கட்டடத்துக்கு என்று பேசி வைத்திருக்கும் ஆட்களுக்கு எல்லாம் சொல்லிவிடலாமா என்று கேட்டாள். மேனேஜர் கெட்ட மனுஷன் இல்லை. வீட்டில் கல்யாணம், சாவு என்றால் லீவு கேட்பதற்கு முன்னாலேயே கொடுக்கிறவர். ஆனால் ஆள் கிடைக்காமல் இரண்டு முறை மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டவர். "இல்லைன்னு சொன்னா கதவு சாத்திடும். ஒண்ணும் சொல்லாம இருந்தா திறந்தே கிடக்கும். நாளைக்கே மனசு மாறிக் கட்டடம் கட்டச் சொன்னா நான் ஆளுக்கு எங்க போறது?" என்றார். இருந்துவிட்டுப் போகட்டும், நமக்கு என்ன நஷ்டம் என்றார்.

அவள் மேசைக்குத் திரும்பி வந்தாள். அடுத்த திங்கட்கிழமையும் நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் சொன்னாள்.

நாலாவது மாசம் ஒரு புதன்கிழமை அவர் போன் செய்தார். திங்கள் இல்லாமல் வேறு நாளில் அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. குரலில் ஒரு வேகம் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பாய்லர் அறைக்கு ஆள் கேட்கிறார்கள், நிரந்தர வேலை, நாளைக்குள் சொல்லச் சொல்கிறார்கள் என்றார். உங்களிடம் வார்த்தை கொடுத்துவிட்டு அங்கே போவது முறையில்லை என்று மனசு அடித்துக்கொள்கிறது என்றார். அப்புறம், அதுவரை மேடம் என்றே கூப்பிட்டவர், இப்படிக் கேட்டார்.

"தங்கச்சி, ஒரு உண்மையைச் சொல்லும்மா. நான் அங்க போகவா, இங்க நிக்கவா?"

மேனேஜர் எதிரேதான் உட்கார்ந்திருந்தார். காதை இங்கே வைத்துக்கொண்டு தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். போங்க என்ற ஒரு வார்த்தைதான். அவள் வாய் வரைக்கும் வந்தது. பதினோரு வருஷமாக அந்த அறையில் இருந்து பழகிய வாய் அது.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றாள்.

"சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது, அவருக்கு வெளியிலிருந்து கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். அவர் எண் அவள் போனில் இல்லை, ஆபீஸ் கோப்பில் இருந்தது. நாளைக்குக் குறித்துக்கொண்டு வரலாம் என்று நினைத்தாள். மறுநாள் சம்பளப் பட்டியல் வேலை வந்து கழுத்தைப் பிடித்தது. நல்ல ஆள், கெட்டிக்காரர், அவராகவே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகும் நாலைந்து திங்கட்கிழமை அவர் போன் வந்தது. ஆஸ்பத்திரி விஷயத்தை அவரும் எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. பிறகு வருவது நின்றுவிட்டது. நின்றபோது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை அவளே பிற்பாடு ஒத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் மூன்று மாசம் கழித்து, தலைமை அலுவலகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சேருகிற ஆட்களில் பாதிப்பேர் மூன்று மாசத்தில் ஓடிவிடுகிறார்கள், வரச்சொன்ன தேதிக்குப் பலர் வருவதே இல்லை, ஆள் எடுக்கும் முறையைச் சரிசெய்ய ஒவ்வொரு ஆலையும் யோசனை சொல்ல வேண்டும், இயக்குநர் நேரில் வந்து கேட்பார் என்று இருந்தது.  மேனேஜர், இயக்குநர் வருவதற்கு முன்னால் கோப்புகளைச் சுத்தம் செய்யச் சொன்னார். 'காத்திருப்பு' என்று மேலே எழுதியிருந்த கோப்பில் அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். யார் இன்னும் கிடைப்பார்கள், யார் இல்லை என்று கேட்டு வைக்கச் சொன்னார்.

அந்த வாரம் நாத்தனார் ஒரு இடத்துக்கு மூன்றாவது சுற்று நேர்முகம் போய்விட்டு வந்து, இருபது நாளாகியும் சத்தமில்லாமல் இருக்கவே, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் வேடிக்கையாகத் திட்டுகிறவள் இப்போது திட்டுவதும் இல்லை. அவளைப் பார்த்துவிட்டு வந்த காலையில்தான் போன் அக்கா கோப்பைத் திறந்தாள். கிடைப்பீர்களா என்று கேட்கச் சொல்லியிருந்தார் மேனேஜர். அவள் கேட்கவில்லை. ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, இந்த வேலை இல்லை என்று ஆகிவிட்டது, எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம், முன்னாலேயே சொல்லாதது எங்கள் தப்பு என்று சொன்னாள்.

நாலு நாள் பிடித்தது. சிலருக்கு ஆலையின் பேரே மறந்துபோயிருந்தது. ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். ஒருவர் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். அவர் முடிக்கும்வரை அவள் போனை வைக்கவில்லை. ஒரு பெண், "இல்லைன்னு சொல்றதுக்குன்னு ஒரு கம்பெனி கூப்பிடறது இதுதான் முதல் தடவை" என்று சொல்லிவிட்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத குரலில் நன்றி சொன்னாள்.

நாலாவது நாள் மத்தியானம் பாய்லர்காரரின் தாள் வந்தது. போனை எடுத்தது அவர் மனைவி. இவள் ஆலையின் பேரைச் சொன்னாள்.

"வேலைக்குக் கூப்பிடறீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

இல்லை என்று இவள் சொல்ல ஆரம்பித்தாள். மனைவி குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, இனிமேல் கூப்பிட்டாலும் அவரால் வர முடியாது, இரண்டு கையும் போய்விட்டது என்றாள்.

அன்றைக்கே அரை நாள் லீவு போட்டுவிட்டு, கோப்பில் இருந்த முகவரியைத் தேடிக்கொண்டு போனாள். வழியில் பழம் வாங்கினாள். ஒரு அச்சகத்துக்கு மேலே இரண்டாவது மாடியில் வீடு. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் தரை அதிர்ந்தது. ஒரே அறை. கட்டிலில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தின் வலது பக்கம் தோல் புதுசாக, வெளிறிப்போய், இழுத்துக் கட்டினதுபோல் இருந்தது. அந்தப் பக்கத்துக் கண் பாதிதான் திறந்தது. கைகள் இரண்டும் மணிக்கட்டுவரை தோல் ஒட்டி, விரல்கள் மடங்கின வாக்கிலேயே நின்றிருந்தன. மடியில் அவற்றை வேறு யாருடையவையோ போல வைத்துக்கொண்டிருந்தார்.

நடந்ததை மனைவிதான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கையில் இருந்ததெல்லாம் கரைந்த பிறகு, ஆர்டர் வருகிறவரைக்கும் என்று சொல்லி, சோப்புக் காய்ச்சும் ஒரு சின்ன இடத்தில் தினக்கூலிக்குப் போனார். அங்கே இருந்தது காலாவதியான பாய்லர். முதல் நாள் வீட்டுக்கு வந்ததுமே, அழுத்தம் கூடினால் தானாகத் திறக்க வேண்டிய வால்வைக் கம்பி போட்டுக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று சொன்னார். போகாதீர்கள் என்று மனைவி அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். பத்து நாள்தானே, அதற்குள் அவர்கள் கூப்பிட்டுவிடுவார்கள் என்றார். முப்பத்து நாலாவது நாள் தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாய் வெடித்தது. பக்கத்தில் இரண்டு பெண்கள் சோப்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் ஓடினார்கள், இவர் மட்டும் குழாயை அடைக்க நீராவிக்குள் கையை விட்டார். பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சோப்புக்காரர் முதல் வாரம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இரண்டாவது வாரம், இந்தப் பேரில் எங்களிடம் யாரும் வேலை பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

மனைவி சொல்லிக்கொண்டிருக்கும்போது பாய்லர்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் இவள் பக்கம் திரும்பி, புதுப் பாய்லர் வந்துவிட்டதா, எத்தனை டன் என்று கேட்டார்.

பாய்லரே வரவில்லை என்று சொல்வதற்குத்தான் அவள் வந்திருந்தாள். கட்டடம் கட்டும் யோசனையே மூன்றாவது மாசம் நின்றுபோய்விட்டது என்று சொன்னாள். கடிதம் தன் கைக்கு வந்தது என்பதையும் சொன்னாள்.

அவர் மனசுக்குள் மாசங்களைக் கூட்டிப் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"நான் ஆஸ்பத்திரி வேலையைப் பத்திக் கேட்டேனே. அன்னைக்கு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கீழே இயந்திரம் நின்றிருந்தது.  அவர் மனைவியிடம், "அவங்களுக்குத் தண்ணி கொடு" என்றார். மனைவி ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.  இவள் முழுசையும் குடித்தாள்.

"இருட்டறதுக்குள்ள கிளம்புங்க மேடம்" என்றார் அவர். "இனிமே வர வேண்டாம்."

மனைவி படிவரைக்கும் வந்தாள். திட்டுவாள் என்று இவள் எதிர்பார்த்தாள், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. பழப் பையைத் திருப்பிக் கையில் கொடுத்து, அவருக்கு உரித்து ஊட்டினால் கோபம் வருகிறது, வாங்கிவைத்து என்ன செய்ய என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து புருஷனிடமும் நாத்தனாரிடமும் சொன்னாள். புருஷன் சொன்னார், நீ சொன்னதைச் சொல்கிற கிளி, முடிவு எடுத்தது மேனேஜர், நீ ஏன் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய் என்று. நாத்தனார் அப்படிச் சொல்லவில்லை. அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். ரெண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

இயக்குநர் வந்த அன்று கூட்டம் மாடி அறையில் நடந்தது. இயக்குநர் அறுபது வயது தாண்டியவர், சத்தம் போட்டுப் பேசாதவர், சொல்வதைக் குறித்துக்கொள்கிறவர். மேனேஜர் ஏதேதோ படம் போட்டுக் காட்டினார். அவர் முடித்ததும் இவள் எழுந்து நின்றாள். இதுவரை எந்தக் கூட்டத்திலும் அவள் வாயைத் திறந்ததில்லை. சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். நேர்முகத்துக்கு வந்த ஒவ்வொருவருக்கும், உண்டோ இல்லையோ, பதினைந்து நாளுக்குள் பதில் போக வேண்டும். தேதி போட்ட ஆர்டர் கைக்குப் போகும்முன் யாரையும் இருக்கிற வேலையை விடச் சொல்லக் கூடாது. ஒரு இடம் ரத்தானால் அன்றைக்கே அதற்குக் காத்திருப்பவருக்குச் சொல்லிவிட வேண்டும். நாம் அவர்களிடம் நிஜம் பேசாமல் இருந்தால் அவர்களும் சொன்ன தேதிக்கு வர மாட்டார்கள், வந்தாலும் நிற்க மாட்டார்கள் என்றாள்.

இயக்குநருக்குப் பிடித்துவிட்டது. செலவில்லாத யோசனை என்று பாராட்டினார். இது எப்படித் தோன்றியது என்று கேட்டார்.

அவள் பாய்லர்காரரைப் பற்றிச் சொன்னாள். தான் என்ன சொன்னாள், எந்த மாசம் எது தெரியும் என்பதையெல்லாம் மறைக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல, இயக்குநர் பேனாவை மூடி மேசைமேல் வைத்ததைப் பார்த்தாள். மேனேஜர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"அந்த வீட்டுக்கு நீங்க போனது கம்பெனி சார்புலயா?" என்று கேட்டார் இயக்குநர்.

"இல்லை சார். நானா போனேன்."

"எழுத்துல ஏதாவது கொடுத்தீங்களா?"

"இல்லை."

"கொடுக்காதீங்க" என்றார். வருத்தமான விஷயம்தான், ஆனால் விபத்து நடந்தது வேறொரு இடத்தில், இதையும் அதையும் முடிச்சுப் போடக் கூடாது என்றார். அந்த மனுஷருக்குக் கையில்லாமல் செய்யக்கூடிய வேலை ஏதாவது, வாசலில் வருகிற போகிற வண்டிகளைப் பார்த்துச் சொல்கிற வேலையாவது கொடுக்கலாமே என்று அவள் கேட்டாள். பார்க்கலாம் என்றார். கூட்டக் குறிப்பில் மூன்று விதிகளும் அப்படியே ஏறின. பாய்லர்காரர் ஏறவில்லை.

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, இன்ன தேதியில் வேலையை விடலாம் என்று சொன்னேன், இன்ன தேதியில் இடம் ரத்தானது எனக்குத் தெரியும், இன்ன தேதியில் அவர் கேட்டபோது மறைத்தேன் என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டாள். புருஷன் பக்கத்தில் நின்று, வேலை போகும் என்றார். தெரியும் என்றாள். மறுநாள் படி ஏறாமல் கீழே அச்சகத்தின் வாசலில் நின்று, மனைவியை வரச்சொல்லிக் கொடுத்தாள். மனைவி எழுத்துக்கூட்டிப் படித்தாள். இதை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்டாள். தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்துப் பாருங்கள், கேட்டால் நான் வந்து சொல்கிறேன் என்றாள் இவள். மனைவி அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கொடுத்துப் பார்த்தார்கள். வாய்ப்பேச்சாக வேலை தருகிறேன் என்று சொன்னதற்குச் சட்டத்தில் இடமில்லை, சோப்புக்காரர் மேல் வேண்டுமானால் தனியாக வழக்குப் போடுங்கள் என்று அந்த அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஆனால் தாளின் நகல் ஒன்று ஆலைக்கு வந்து சேர்ந்தது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, வேலையைவிட்டு எடுக்கச் சொன்னார்கள், நான்தான் பேசி ஸ்டோர்ஸுக்கு மாற்றியிருக்கிறேன் என்றார். அது உண்மைதான் என்பதும் அவளுக்குத் தெரியும். பிறகு அவள் தலை நிமிராமல், பசை டின்னையும் நூல்கண்டையும் எண்ணிக் கொடுக்கும் வேலை பார்த்தாள். போன் அக்கா என்ற பேர் மெல்ல மெல்லப் போய்விட்டது.

அவள் இடத்துக்கு ஆள் போடவில்லை. கம்ப்யூட்டரே போனுக்குச் செய்தி அனுப்புகிற மாதிரி ஏற்பாடு செய்தார்கள். மூன்று விதிகளும் மற்ற ஆலைகளுக்கும் போயின. சொன்ன தேதிக்கு வராத ஆட்கள் குறைந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள். நாத்தனாருக்கு வேறொரு இடத்தில், ஒரு மருந்துக் கிடங்கில், வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அண்ணிக்கு ஒரு புடவை எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பழைய விஷயத்தை இருவரும் பேசவே இல்லை.

மழைக்காலம் தொடங்கின சமயம், ஆலையில் பெட்டி ஒட்டும் பிரிவுக்குப் பெண்கள் வேண்டும் என்று வாசலில் எழுதிப் போட்டார்கள். அவள் அச்சகத்துக்குப் போய் பாய்லர்காரரின் மனைவியிடம் சொன்னாள்.

"கிடைக்கும்னு நான் சொல்லலை. என் கையில ஒண்ணும் இல்லை. பதில் வரும்னு மட்டும் சொல்றேன்."

மனைவி விண்ணப்பித்தாள். வராந்தாவில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்ததை ஸ்டோர்ஸ் ஜன்னல் வழியாக இவள் பார்த்தாள். தலையை இறுக்கி வாரி, எண்ணெய் பளபளக்க, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே போய் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள்.

ஒன்பதாவது நாள் சாயங்காலம், இவள் வேலை விட்டு வரும்போது, பாய்லர்காரரின் மனைவி ஆலை வாசலுக்கு எதிரே மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தாள். போனை எடுத்துக் காட்டினாள். விண்ணப்பித்தமைக்கு நன்றி, வயது வரம்பு (35) காரணமாகத் தங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை என்று இரண்டு வரி இருந்தது. வயது வரம்பு முப்பத்தைந்து என்று வாசலில் எழுதிப் போட்டதில் இல்லை. மனைவிக்கு நாற்பத்தொன்று.

"நீங்க சொன்ன மாதிரியே பதில் வந்துடுச்சு" என்றாள் மனைவி. குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

 அவர் எப்படி இருக்கிறார் என்று இவள் கேட்டாள். இடது கையில் இரண்டு விரல் கொஞ்சம் அசைகிறது, டம்ளரை இரண்டு கைக்கும் நடுவில் இடுக்கித் தானே குடிக்கிறார் என்றாள் மனைவி. தூக்கத்தில் மட்டும், நெருப்பை அணை, நெருப்பை அணை என்று கத்துகிறார் என்றாள். பிறகு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு விடுதியில் அறை கூட்டுவதற்கு ஆள் எடுக்கிறார்கள், ஆறு மணிக்குள் வரச்சொன்னார்கள், விண்ணப்பத் தாளில் முன் அனுபவம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் என்ன எழுதுவது என்று கேட்டாள்.

பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். தாள் நனையாமல் மனைவி முந்தானையை விரித்துப் பிடித்துக்கொள்ள, இவள் பேனாவை எடுத்தாள். எட்டு மாசமாகப் படுக்கையில் இருக்கும் ஒருவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, புண் துடைத்து, அறை துடைத்த அனுபவம் உண்டு என்று எழுதலாமா என்று கேட்டாள். மனைவி யோசித்தாள். அதெல்லாம் வேண்டாம், அனுபவம் இல்லை என்றே எழுதுங்கள் என்றாள்.

அப்படியே எழுதினாள். மனைவி தாளை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, மழை விடுவதற்குக் காத்திராமல் இறங்கி நடந்தாள்.